பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தும் ஆய்வுகள்: நெறிமுறைக் கண்காணிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்வியியல், உளவியல், பொதுச் சுகாதாரம், சமூகப் பணி ஆகிய துறைகளில் ஆய்வு செய்யும் மாணவர்களும், தங்கள் பள்ளிக்கு ஆய்வாளர் வரப்போவதாக அறிந்த ஆசிரியர்களும் பெற்றோரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. சட்ட விவரங்கள் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் ஆய்வு தொடங்கும் முன் அதன் விண்ணப்பத்தைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழு எதைக் கேட்க வேண்டும் என்பது அவ்வளவாக மாறுவதில்லை.

வெறும் கேள்வித்தாளை நிரப்பச் சொல்வதற்குக்கூடவா குழுவின் அனுமதி வேண்டும்?

வேண்டும். ஊசி போடுவதிலும் ரத்தம் எடுப்பதிலும்தான் ஆபத்து உண்டு, தாளில் கேள்வி கேட்பதால் யாருக்கு என்ன ஆகிவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. வகுப்பறை நட்புகளை அளக்கும் ஆய்வுகளில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் ஒரு கேள்வியைப் பாருங்கள்: 'உன் வகுப்பில் உனக்குப் பிடிக்காத மூன்று பேரின் பெயரை எழுது.' தாள்களை வாங்கி உறையில் போட்டு ஒட்டிவிட்டால் ரகசியம் காக்கப்பட்டது என்று ஆய்வாளர் நினைப்பார். இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் கேட்பது 'நீ யார் பேரை எழுதினாய்?' என்பதைத்தான். ஆய்வாளர் அன்று மாலையே கிளம்பிவிடுவார். மூன்று தாள்களில் பெயர் ஏறிய குழந்தை ஆண்டு முடியும்வரை அதே வகுப்பில் அதே பெஞ்சில் உட்கார வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது என்பதல்ல. அதை எந்த நேரத்தில் கேட்பது, பிடித்தவர்களின் பெயரை மட்டும் கேட்டால் ஆய்வுக்குப் போதுமா, கேட்டு முடித்ததும் பிள்ளைகளை வேறு எதில் ஈடுபடுத்துவது என்பவற்றை வெளியாள் ஒருவர் முன்கூட்டியே யோசித்துப் பார்க்க வேண்டும். அந்த வெளியாள்தான் குழு.

வழக்கமான பாடமுறைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது போன்ற சில ஆய்வுகளுக்கு முழுப் பரிசீலனை தேவையில்லை என்று பல நாடுகளின் விதிகள் சொல்கின்றன. ஆனால் தன் ஆய்வு அந்த வகையைச் சேர்ந்ததா என்பதை ஆய்வாளரே முடிவு செய்துகொள்வது முறையல்ல. விலக்கு வேண்டுமென்றாலும் குழுவிடம்தான் கேட்க வேண்டும்.

குழுவில் யார் யார் இருப்பார்கள்?

அந்தத் துறை அறிந்தவர், சட்டம் அறிந்தவர், ஆய்வு நடத்தும் நிறுவனத்தோடு தொடர்பில்லாத வெளியாள், துறைப் பயிற்சி எதுவும் இல்லாத பொதுமக்களில் ஒருவர் ஆகியோர் இருப்பது வழக்கம். குழந்தைகள் பற்றிய விண்ணப்பம் வரும்போது, குழந்தைகளோடு அன்றாடம் பழகும் ஒருவரும் இருந்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எட்டு வயதுக் குழந்தை தொடர்ந்து எவ்வளவு நேரம் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் என்பதைப் பேராசிரியரைவிடத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் சரியாகச் சொல்வார்.

குழந்தைகளுக்கு மட்டும் ஏன் தனி விதிகள்?

பொது விதிகள் குழந்தைகளை மனத்தில் வைத்து எழுதப்படவில்லை. நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கின் தீர்ப்போடு 1947-இல் வந்த நூரெம்பெர்க் நெறிகள், ஆய்வுக்கு உட்படுபவரின் சொந்த ஒப்புதலை முதல் நிபந்தனையாக வைத்தன. சட்டப்படி ஒப்புதல் தர முடியாத குழந்தைகளைப் பற்றி அவற்றில் ஒன்றுமில்லை. அந்த இடைவெளியில் என்னென்ன நடந்தன என்பதற்கு அமெரிக்காவிலிருந்து இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். இரண்டுமே பெயரளவில் பள்ளிகளாக இருந்த காப்பகங்களில் நடந்தவை.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபெர்னால்ட் பள்ளியில், மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டிருந்த சிறுவர்களுக்கு 1940களிலும் 1950களிலும் கதிரியக்கப் பொருள் சேர்த்த காலை உணவு கொடுக்கப்பட்டது. உடல் எவ்வளவு இரும்பையும் கால்சியத்தையும் உறிஞ்சுகிறது என்று பார்ப்பது நோக்கம். சேர்ந்த சிறுவர்களுக்கு 'அறிவியல் மன்றம்' என்று ஒரு பெயர் தரப்பட்டது. கூடுதல் பாலும் பேஸ்பால் ஆட்டம் பார்க்க வெளியே போகும் வாய்ப்பும் கிடைத்தன. பெற்றோருக்குப் போன கடிதங்களில் சத்துணவு பற்றிய பேச்சு இருந்தது, கதிரியக்கம் என்ற சொல் இல்லை. அடைபட்ட சுவர்களுக்குள் வாழும் சிறுவனுக்கு ஒரு நாள் வெளியே போவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அறிந்தவர்கள்தான் அந்த மன்றத்தை அமைத்தார்கள்.

நியூயார்க்கின் வில்லோபுரூக் பள்ளியில் 1950களின் நடுவில் தொடங்கி 1970களின் தொடக்கம்வரை, மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குக் கல்லீரல் அழற்சி வேண்டுமென்றே தொற்றச் செய்யப்பட்டது. பெற்றோர் கையெழுத்திட்டிருந்தார்கள். ஆனால் நெரிசல் காரணமாகப் பள்ளியில் பொதுச் சேர்க்கை நின்றிருந்த நாட்களில், ஆய்வுப் பிரிவில் மட்டும் இடம் இருந்தது. பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்க்க வழியில்லாத ஒரு தாய் இட்ட கையெழுத்தை விருப்பம் என்று எப்படிச் சொல்வது?

உலக மருத்துவச் சங்கம் வெளியிட்ட 1964-இன் ஹெல்சின்கி பிரகடனம், அமெரிக்காவில் ஆய்வு நெறிகளை வகுத்த 1979-இன் பெல்மாண்ட் அறிக்கை, 1983-இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கென்றே வந்த விதிகள், ஐ.நா.வின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை ஆகியவை ஒவ்வொன்றாக வந்து இந்த இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பின.

தலைமை ஆசிரியர் அனுமதித்துவிட்டார். அது போதாதா?

போதாது. இந்தக் கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் கேட்கப்படுகிறது. தவறுகளும் இங்கேதான் அதிகம் நடக்கின்றன. தலைமை ஆசிரியர் கொடுப்பது வாசலைக் கடந்து உள்ளே வரும் அனுமதி. பள்ளிக் கட்டடத்தையும் பாடவேளையையும் பயன்படுத்திக்கொள்ள அவர் இசையலாம். ஒரு குழந்தையின் உடலையும் நினைவுகளையும் வீட்டுச் செய்திகளையும் பற்றி இசைய அவருக்கு உரிமையில்லை.

இந்தியாவில் 2009-இல் ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதரா மாவட்டத்திலும் 10 முதல் 14 வயதுள்ள சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும் ஆய்வுத் திட்டம் ஒன்று தொடங்கியது. 2010-இல் அரசு அதை நிறுத்தியது. 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு அது பற்றிய அறிக்கையைத் தாக்கல் செய்தது. ஆந்திரத்தில் பழங்குடிச் சிறுமிகள் தங்கிப் படித்த விடுதிகளில், பெற்றோர் கையெழுத்திட வேண்டிய ஏராளமான ஒப்புதல் படிவங்களில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தது அப்போது கடும் கண்டனத்துக்கு உள்ளானது. அந்தத் தடுப்பூசி உலகெங்கும் கோடிக்கணக்கானோருக்குப் பாதுகாப்பாகப் போடப்பட்டு வருகிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மருந்தின் நன்மை இந்தக் கேள்விக்குப் பதிலாகாது. நல்ல மருந்தானாலும், ஒரு மகளைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை தாய் தகப்பனிடமிருந்து சத்தமில்லாமல் வேறு கைக்கு மாறிவிட்டது. பெற்றோர் தொலைவில் இருக்கிறார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்பவை அவர்களைத் தேடிப் போய், சாட்சி ஒருவர் முன்னிலையில் வாய்மொழியாக விளக்குவதற்கான காரணங்கள். அவர்களைத் தவிர்ப்பதற்கான காரணங்கள் அல்ல.

'விருப்பமில்லை என்றால் மட்டும் இந்தச் சீட்டைத் திருப்பி அனுப்புங்கள்' என்று கடிதம் அனுப்பலாமா?

ஆய்வாளர்களுக்கு இது வசதியான வழி. ஏனென்றால் பெரும்பாலான சீட்டுகள் புத்தகப் பையின் அடியிலேயே கிடக்கும். ஃபெர்னால்ட் பெற்றோருக்கு 1953-இல் போன கடிதமும், மறுப்பு வராவிட்டால் சம்மதமாக எடுத்துக்கொள்வோம் என்றே சொன்னது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு தாய் தொடுத்து, 1973-இல் தீர்ப்பு வந்த வழக்கும் இதைப் பற்றியதுதான். எட்டாம் வகுப்பு மாணவர்களில் வருங்காலத்தில் போதைப்பொருளுக்கு ஆளாகக்கூடியவர்களைக் கண்டறிய ஒரு பள்ளி நிர்வாகம் கேள்வித்தாள் தயாரித்தது. பெற்றோருடனான உறவு எப்படி என்பதுபோன்ற வீட்டு அந்தரங்கங்கள் அதில் இருந்தன. முதலில் பெற்றோரின் மௌனமே சம்மதமாகக் கொள்ளப்பட இருந்தது. மெரிக்கன் எதிர் கிரெஸ்மன் என்ற அந்த வழக்கில் நீதிமன்றம் திட்டத்தைத் தடுத்தது. மாணவர்களிடம் ஒப்புதல் கேட்கப்படவே இல்லை என்பதையும் சுட்டிக்காட்டியது.

ஆகவே, அந்தரங்கக் கேள்வி, உடல் அளவை, நேர்காணல், ஒலிப்பதிவு, ஒளிப்பதிவு எதுவாக இருந்தாலும் எழுத்தில் தெளிவான சம்மதம் வேண்டும். வாசிப்பு வேகத்தை அளப்பது போன்ற, வழக்கமான வகுப்பறை வேலையிலிருந்து அதிகம் விலகாத ஆய்வுகளுக்கு மௌனச் சம்மதத்தைச் சில குழுக்கள் ஏற்கின்றன. அப்போதும் கடிதம் பெற்றோரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை ஆய்வாளர் காட்ட வேண்டும்.

குழந்தையிடமும் கேட்க வேண்டுமா? எந்த வயதிலிருந்து?

கேட்க வேண்டும். பெற்றோர் தருவது ஒப்புதல், குழந்தை தருவது இசைவு. முன்னது இருப்பதால் பின்னது தேவையில்லை என்று ஆகிவிடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டி 7 முதல் 12 வயதுவரை வாய்மொழி இசைவும், 12 முதல் 18 வயதுவரை எழுத்திலான இசைவும் கேட்கிறது. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு தருகிறது. ஏழு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கும் மறுப்பு உண்டு, அது சொல்லாக வருவதில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்வது, எல்லாவற்றுக்கும் 'தெரியாது' என்பது, திரும்பத் திரும்பக் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பது ஆகிய மூன்றையும் 'வேண்டாம்' என்றே ஆய்வாளர் படிக்கப் பழக வேண்டும்.

குழந்தைக்குத் தரும் விளக்கத்தாளைப் பற்றி ஒரு சொல். பெரியவர்களுக்கான படிவத்தை எடுத்து எழுத்துருவைப் பெரிதாக்கி, மூலையில் ஒரு பொம்மைப் படம் ஒட்டிக் கொண்டுவருகிறார்கள். அது போதாது. 'நான் உன்னிடம் இருபது கேள்வி கேட்பேன். நீ சொல்வதை எழுதிக்கொள்வேன். உன் மதிப்பெண்ணுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நடுவில் போதும் என்று தோன்றினால் சொல், நிறுத்திவிடலாம்.' இவ்வளவு சொன்னால் ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் புரியும்.

'வேண்டாம்' என்ற குழந்தை அந்த நேரத்தில் எங்கே இருக்கும்?

இந்தக் கேள்வியை ஆய்வாளர்கள் கேட்பதில்லை. குழுக்கள்தான் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு விண்ணப்பத்தின் தரத்தை அறிய ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்றால் நான் இதைத்தான் கேட்பேன்.

பள்ளி என்பது பெரியவர்கள் சொன்னதைச் செய்யக் குழந்தைகள் பழக்கப்பட்ட இடம். ஆசிரியர் 'எழுதுங்கள்' என்றால் நாற்பது கைகளும் பேனாவை எடுக்கும். அந்த இடத்தில், வகுப்பாசிரியர் பக்கத்தில் நிற்க, அறிமுகமில்லாத ஒருவர் 'விருப்பமிருந்தால் மட்டும் எழுதலாம்' என்று சொல்லும்போது, 'விருப்பமிருந்தால்' என்ற பகுதி குழந்தையின் காதில் விழுவதே இல்லை. துணிந்து ஒருவர் எழுந்து வேண்டாம் என்று சொன்னாலும், அடுத்து என்ன? நாற்பது நிமிடம் மற்றவர்கள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதா, வராந்தாவில் நிற்பதா? வராந்தா என்றால் பள்ளியில் அதற்குத் தண்டனை என்று பொருள். மறுத்ததற்குத் தண்டனை கிடைக்கும் இடத்தில் கிடைத்த இசைவை இசைவாகக் கணக்கில் எடுக்க முடியாது.

இதற்கு வழிகள் உண்டு. பெரிய செலவும் இல்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரியான உறை கொடுத்து, உள்ளே கேள்வித்தாளோடு ஒரு புதிர்த்தாளையும் வைக்கலாம். பிடித்ததை எடுத்து எழுதிவிட்டு உறையை மூடித் தந்தால், யார் எதை எழுதினார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. வகுப்பாசிரியர் அந்த நேரத்தில் அறையின் பின்பக்கம் இருக்கலாம். தாள்களை அவர் சேகரிக்கக் கூடாது. இசைவு கேட்பதை முதல் நாளும் ஆய்வை மறுநாளும் வைத்தால், இடையில் ஓர் இரவு கிடைக்கிறது. தனியாக அழைத்துப் பேசும் நேர்காணல் என்றால், ஆய்வில் சேராத குழந்தைகளும் நூலகத்துக்கோ விளையாட்டுக்கோ அழைக்கப்படும் வேளையில் அதை வைத்துக்கொள்ளலாம். மறுத்தவர்களின் பட்டியலைப் பள்ளியிடம் ஒருபோதும் கொடுக்கக் கூடாது, தலைமை ஆசிரியர் கேட்டாலும்கூட.

இப்படிச் செய்தால் எண்ணிக்கை குறையுமே என்று கவலைப்படுபவர்கள் உண்டு. குறையலாம். பயத்தில் நிரப்பிய தாள்களால் கூடும் எண்ணிக்கை ஆய்வின் முடிவையும் கெடுக்கும்; எதையாவது வட்டமிட்டு முடித்துவிடலாம் என்று எழுதும் குழந்தையின் பதில் தரவாகாது.

என் வகுப்பு மாணவர்களையே நான் ஆய்வு செய்யலாமா?

எம்.எட். மாணவர்களும் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வாளர்களும் தவறாமல் கேட்பது இது. செய்யலாம், கற்பித்தலை மேம்படுத்தும் நல்ல ஆய்வுகள் பல அப்படித்தான் பிறக்கின்றன. ஆனால் மதிப்பெண் போடும் கையே படிவத்தையும் நீட்டினால், பெற்றோரும் மறுக்கத் தயங்குவார்கள். எனவே இசைவு கேட்பதையும் தாள் வாங்குவதையும் வேறொருவர் செய்யட்டும். யார் சேர்ந்தார்கள் என்பது தேர்வு முடிவுகள் வெளிவந்த பிறகே உங்களுக்குத் தெரியட்டும்.

ஆய்வின் உண்மையான நோக்கத்தை மறைக்கலாமா?

அரிதாக, குழுவின் சிறப்பு அனுமதியோடு மட்டும். 1960களில் கலிஃபோர்னியாவின் ஒரு தொடக்கப் பள்ளியில் ராபர்ட் ரோசந்தாலும் லெனோர் ஜேக்கப்சனும், குலுக்கல் முறையில் எடுத்த சில பெயர்களைக் காட்டி, இந்தக் குழந்தைகள் வேகமாக முன்னேறுவார்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். எதிர்பார்ப்பு மட்டுமே ஒரு குழந்தையை மாற்றுமா என்று பார்க்க விரும்பினார்கள். அதன் முடிவுகள் பற்றிய விவாதம் நீண்டது. என் கவலை பட்டியலில் வராத குழந்தைகளைப் பற்றியது: ஆசிரியரின் கவனம் ஒரு பக்கம் கூடினால் இன்னொரு பக்கம் குறையாது என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? மறைத்தே ஆக வேண்டும் என்றால், முடிந்த உடனே உண்மையைச் சொல்லும் திட்டமும் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும்.

பரிசு கொடுக்கலாமா?

சிறியதாக, கலந்துகொண்டவர்கள் மறுத்தவர்கள் எல்லோருக்கும் ஒன்றுபோலக் கொடுக்கலாம். பெற்றோருக்கு ஆகும் போக்குவரத்துச் செலவைத் தருவது பரிசாகாது.

'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று குழந்தையிடம் உறுதி கொடுக்கலாமா?

கொடுக்கக் கூடாது. காப்பாற்ற முடியாத உறுதி அது. ஒரு குழந்தை தனக்கு நேரும் கொடுமையைச் சொன்னால், ஆய்வாளர் கேட்டுக்கொண்டு வெறுமனே எழுதிக்கொண்டிருக்க முடியாது. இந்தியாவில் 2012-இன் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றி அறிந்த எவரும் அதைத் தெரிவித்தாக வேண்டும். தவறினால் தண்டனை உண்டு. வேறு பல நாடுகளிலும் இத்தகைய கடமை இருக்கிறது.

ஆகவே தொடக்கத்திலேயே, 'நீ சொல்வதை நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை. ஆனால் உனக்கோ வேறொரு குழந்தைக்கோ ஆபத்து என்று தெரிந்தால், உதவி செய்யக்கூடிய ஒருவரிடம் சொல்ல வேண்டியிருக்கும், அதற்கு முன் உன்னிடம் சொல்வேன்' என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். யாரிடம் தெரிவிப்பது, அன்றைக்கே குழந்தையோடு யார் இருப்பார், கொடுமை செய்பவர் வீட்டிலோ பள்ளியிலோ இருந்தால் வழி என்ன என்பவை பெயரும் தொலைபேசி எண்ணுமாக எழுதப்பட்ட பிறகே முதல் கேள்வியைக் கேட்க வேண்டும். 'தேவைப்பட்டால் ஆலோசகரிடம் அனுப்பப்படும்' என்ற ஒற்றை வரியோடு வரும் விண்ணப்பத்தைக் குழு திருப்பி அனுப்ப வேண்டும். எந்த ஆலோசகர், எந்தக் கிழமையில் வருகிறார், கட்டணம் யார் தருவது?

பெயரை நீக்கிவிட்டால் தரவு பாதுகாப்பானதுதானே?

எப்போதும் அல்ல. வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் மாணவி ஒருத்திதான் என்றால், பெயரில்லாமலேயே எல்லோருக்கும் அவளைத் தெரியும். பள்ளியின் பெயர், வகுப்பு, தாய்மொழி, பெற்றோரின் தொழில் என்ற நான்கு விவரங்களைச் சேர்த்தால் பல குழந்தைகளை அடையாளம் கண்டுவிடலாம். அவற்றில் எது ஆய்வுக்குத் தேவையோ அதை மட்டும் வாங்குங்கள். குழந்தைகளின் முகம் தெரியும் படங்களைக் கைப்பேசியில் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் பகிர்வது இன்று சர்வசாதாரணமாக நடக்கிறது. அதைத் தடுக்கும் பொறுப்பு ஆய்வுத் தலைவருடையது.

இவ்வளவு கட்டுப்பாடுகள் ஆய்வையே முடக்கிவிடாதா?

இந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. குழந்தைகளை ஆய்விலிருந்து முற்றிலும் ஒதுக்கினால், பெரியவர்களுக்கென்று கண்டறிந்த மருந்தளவையும் கற்பித்தல் முறையையும் ஊகத்தின்பேரில் அவர்கள்மீது சுமத்த வேண்டியிருக்கும். அதுவும் ஒரு தீங்கு. மாதக்கணக்கில் பதில் சொல்லாமல் விண்ணப்பத்தைக் கிடப்பில் போடும் குழுவும், காற்புள்ளியைத் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பும் குழுவும் குழந்தைகளுக்கு ஒரு நன்மையும் செய்வதில்லை. அபாயம் குறைந்த ஆய்வுகளை ஓரிரு உறுப்பினர்களே விரைவாகப் பார்த்து முடிக்கும் நடைமுறை உண்டு; அதைத் தாராளமாகப் பயன்படுத்த வேண்டும்.

அனுமதி கிடைத்த பிறகு குழுவின் வேலை முடிந்ததா?

இல்லை. கேள்வித்தாளில் ஒரு கேள்வியைச் சேர்த்தாலும், இன்னொரு பள்ளியைச் சேர்த்தாலும் மீண்டும் அனுமதி வேண்டும். எதிர்பாராத தீங்கு நேர்ந்தால் உடனே தெரிவிக்க வேண்டும். நீண்ட ஆய்வுகளில் ஆண்டுக்கு ஒரு முறையாவது குழு மறுபரிசீலனை செய்வது நல்லது. பத்து வயதில் சேர்ந்த குழந்தை பதினான்கு வயதில் வேறு ஆள். அவரிடம் புதிதாக இசைவு கேட்க வேண்டும். பதினெட்டு ஆனதும் ஒப்புதலே அவருடையதாகிவிடுகிறது.

பெற்றோருக்கு ஐயமோ புகாரோ இருந்தால் யாரிடம் போவது?

விளக்கத்தாளில் ஆய்வாளரின் எண்ணோடு, குழுச் செயலரின் பெயரும் எண்ணும் தனியாக அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கையெழுத்திடுவதற்கு முன் கேட்டு வாங்குங்கள். கையெழுத்திட்ட பிறகும் காரணம் சொல்லாமல் பிள்ளையை ஆய்விலிருந்து விலக்கிக்கொள்ளலாம். அதுவரை திரட்டிய தரவு அழிக்கப்படுமா என்று எழுத்தில் பதில் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.